ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிப்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் நாற்பத்தெட்டாம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் பதிய, பழைய அலுவலகத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று வேண்டும். விண்ணப்பித்து முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால், சான்று தரப்பட்டதாகவே கொள்ள வேண்டும். துறைமுகத்தின் ஆவணப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் விதிகளோடு குடித்தனம் நடத்திய நான் இதைவிட அழகான விதியைப் பார்த்ததில்லை. அலுவலகத்தின் தூக்கத்துக்கே கையெழுத்தின் மதிப்பைத் தருகிறது. சிக்கல் ஒன்றுதான், தூக்கத்துக்கு நகல் எடுக்க முடியாது. செம்பூரிலிருந்து பாளையங்கோட்டை வரை வழிமறிக்கும் எந்தக் காவலரிடமும் நீட்ட முடியாத அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பதாவது நாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போனேன். கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "அங்கிள், காடி ஜா ரஹீ ஹை, யா ஆப்?" என்று கேட்டாள். போவது வண்டியா, நீங்களா என்று. "தோனோ" என்றேன். இரண்டும்தான். நிரந்தரமாகவா என்பது அடுத்த கேள்வி. சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்பதை உட்பிரிவோடு என் இந்தியில் விளக்கினேன். அவள் அதைக் கிழவனின் கலக்கம் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. "டென்ஷன் மத் லோ அங்கிள், ட்ரெயின் சே ஜாவ், ஆராம் சே" என்று, கவலைப்படாமல் ரயிலில் சாவகாசமாகப் போகும்படி, கனிவோடு வழியனுப்பி வைத்தாள். நிரந்தரமாகவா என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டிய அமெரிக்க வண்டி. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், தானியங்கி கியர். இங்கே கடை விரித்திருந்த ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, மூட்டை கட்டும்போது டெண்டர் விட்டது. படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்பியவன் நான் ஒருவன்தான், அதனால் வண்டி எனக்கு வந்தது. அன்று என் மனைவி பகவதி பால்கனியிலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு வீடு தனியா பாக்கணுமே" என்றாள்.

ஊருக்குத் திரும்புவது என்று நான் முடிவு செய்தபோதும் அவள் சண்டை போடவில்லை. மகள் காட்கோபரில், தங்கை திலக் நகரில் இருக்க, பாளையங்கோட்டையில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "இந்த வண்டி கண்டாலா மலை ஏறட்டும். நானும் ஏறி உக்காந்து வாரேன்." போன வருடம் ஏறினோம். பாதி மலையில், ஊர்ந்துகொண்டிருந்த டிரெயிலரைத் தாண்ட மிதித்தேன். வண்டி கியரை இறக்காமல் மூன்றாவதிலேயே முனகியது. பின்னால் ஒரு டெம்போ ஹாரன் அடித்தபடி நெருங்கியது. லீவரைக் கையால் இழுத்துக் கியரை இறக்கியிருக்கலாம். அது நினைவுக்கு வந்தபோது லோனாவாலா வந்துவிட்டது. பகவதி இறங்கி, அந்த ஊர்க் கடலைமிட்டாயான சிக்கி ஒரு பெட்டி வாங்கி, செம்பூருக்கு ரயிலில் திரும்பிவிட்டாள்.

ஆகவே மாட்டுங்கா லேபர் கேம்ப் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் சுடலைமுத்துவிடம் போனேன். வள்ளியூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஸ்டியரிங்கை இடமிருந்து வலத்துக்கு மாற்றிய எவனோ ஒரு மகான், மிதியை வளைத்துப் பற்றவைத்திருந்தான். முழுக்க மிதித்தாலும் கார்புரேட்டர் முக்கால்தான் திறந்தது. கார்புரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குப் போகும் கிக்டவுன் கம்பியோ, சைக்கிள் பிரேக் கம்பி. மிதி தரையைத் தொடும்போது அதுதான் கியரை இறக்கச் சொல்ல வேண்டும். குர்லாவில் இதே ரக வண்டி ஒன்றை உடைத்தார்கள். அதன் மிதியும் கம்பியும் கிடைத்தன.

"என்ன அண்ணாச்சி, பைபிளும் கொண்டாந்திருக்கியளா?" என்றார் சுடலைமுத்து, என் கையிலிருந்த தொழிற்சாலைக் கையேட்டைப் பார்த்து.

"எஞ்சின் ஆஃப்ல இருக்கும்போது, கார்புரேட்டரை முழுசாத் திறந்து வச்சுதான் கம்பி நீளம் வைக்கணும். பக்கம் நூத்திப் பன்னெண்டு."

"நான் காதால வைப்பேன்."

"கம்பி நீளம் தப்புனா கியர்பெட்டி கருகிரும், சுடலை. வேற பெட்டிக்கு எங்க போக?"

"சும்மா காலிபீலி பயப்படாதிய. வாசிங்க, அப்படியே வைக்கேன்."

நான் வாசித்தேன், அவர் வைத்தார். பிறகு காதாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டும் ஒத்துப்போனதில் இருவருக்குமே கொஞ்சம் ஏமாற்றம்.

ஞாயிறு காலை மீண்டும் மலை. பகவதி என் பக்கத்தில், சுடலைமுத்து பின்னால். அதே வளைவு, முன்னால் சிமெண்ட் லாரி. மிதித்தேன். வண்டி பழையபடி முனகியது. பகவதி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பக்கம் நூத்திப் பன்னெண்டு பொய் சொல்லுதோ?" என்றேன்.

"பொஸ்தகமும் சரி, கம்பியும் சரி. நீங்க மிதிக்கவே இல்ல அண்ணாச்சி."

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எங்க? மிதிக்கும் தரைக்கும் நடுவுல என் கை போவும். சிக்னலுக்குச் சிக்னல் ஓட்டுன காலு அது, பாதியிலயே நின்னுருது."

அவர் சொன்னது உண்மை. முதன்முதலில் இந்த நகரத்துக்கு வந்தபோது லேபர் கேம்பில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்தோம். முழங்காலை மடக்கித்தான் தூக்கம். அலுவலகத்தில் மேசைக்கடியில் கோப்புக்கட்டுகள், ரயிலில் பிறர் கால்கள். ஊரில் என் தம்பி காலை நீட்டி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இத்தனை இடம் ஒரு மனிதனுக்கு எதற்கு என்று தோன்றும். இந்த வண்டியையும் முப்பது வருடமாகப் பாதிக் காலால்தான் ஓட்டியிருக்கிறேன்.

"மிதிங்க" என்றாள் பகவதி. லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரை வரை மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கியர் இறங்கியது. எஞ்சின் இதுவரை நான் கேட்டிராத குரலில் திறந்துகொள்ள, லாரி பக்கவாட்டுக் கண்ணாடியில் சிறுத்துப்போனது. பின்னாலிருந்து சுடலைமுத்து, "ஆங்" என்றார். உச்சியில் வண்டியை நிறுத்தினேன். பகவதி கைப்பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கேட்டாள், "சரி, எப்ப கிளம்புதோம்?"

"சான்று வரட்டும்" என்றேன்.

"வரலன்னாலும் வந்த மாதிரிதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

சட்டத்தை இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்கே திருப்பிச் சொன்னதில்லை. அதன் பிறகு அவள் சமையலறைப் பாத்திரங்களைத் தாளில் சுற்றத் தொடங்கினாள். நானோ சான்றுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பகலில் நான்கு முறை கீழே இறங்கி வண்டியைச் சுற்றிவருவேன். டயரில் காற்று பார்ப்பேன், மேலே ஏறுவேன். ஊரிலிருந்து தம்பி போன் செய்தால் மழையைப் பற்றிப் பேசுவேன்.

எங்கள் சொசைட்டியில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாளன்று, பகவதி தங்கை வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அடுத்த வருடத்துக்கும் இடம் வேண்டும் என்று எழுதிக்கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்கினேன். மாடியேறினால் கதவிடுக்கில் அரசாங்க உறை. ஆட்சேபணை இல்லை, வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுசெல்லலாம். இந்த ஊர் விட்டுவிட்டது, அந்த ஊர் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டு தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், எதை முதலில் பகவதியிடம் காட்டுவது என்று தெரியாமல். இரண்டும் கைக்கு வந்தது ஒரே நாளில். ஜூன் பதினொன்று.