கழுத்தில் ஒரு விலா எலும்பு

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் என் வலதுகை மரத்துப்போகத் தொடங்கியது. அப்போது மிஷன் பங்களாவில் லேஸ் பின்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் சொன்னபடி கேட்கவில்லை. நூல் சுற்றிய குச்சிகள் மடியில் விழுந்துகொண்டே இருந்தன.

குழித்துறைக்குப் பக்கத்தில் வர்மம் பார்க்கும் ஆசான் ஒருவரிடம் அண்ணன் என்னைக் கூட்டிப்போனான். ஆசான் கழுத்தைத் தடவி, தோளுக்கு மேலே ஒரு புடைப்பைக் கண்டுபிடித்தார்.

“இது வர்ம அடியாக்கும். ஆரு அடிச்சா பிள்ளே?”

“ஆரும் அடிக்கல்ல.”

ஆசான் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரர் இளவயதில் சிலம்பமும் கொஞ்சம் வர்மமும் படித்தவர், அது போதாதா? எங்கள் பக்கத்தில் கை விளங்காவிட்டால் அடித்தவனைத்தான் தேடுவார்கள், வியாதியைத் தேடமாட்டார்கள்.

அண்ணன் விஷயத்தை எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டிக்குக் கொண்டுபோனான். நான் எவ்வளவோ சொன்னேன். புருஷனுக்காகப் பொய் சொல்லுகிறாள் என்றார்கள். பெண்டாட்டியை அடித்தவன் என்று, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்திலிருந்து அவரை விலக்கி வைத்தார்கள். எறும்பைக்கூட நசுக்காத மனிதர், கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அவரையே வண்டி கட்டச் சொல்லிப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பிறவியிலேயே என் கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாம். அதுதான் நரம்பை நெரிக்கிறதாம். ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்றார்.

“எலும்ப எடுங்க. படத்த எனக்குத் தாங்க” என்றேன்.

கை தேறியதும் அவரையும் கூட்டிக்கொண்டு, படத்தோடு கமிட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

“ஆதாமுக்க விலாவுல ஒண்ண எடுத்த ஆண்டவரு, எனக்கு ஒண்ணு கூட்டித் தந்திருக்காரு. இதையும் இவிய அடிச்சா முளைக்க வச்சாவ?”

படத்தை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அண்ணன்தான் முதலில் அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை. ஆனந்தமாக இருந்தது.

அடுத்த திருவிருந்தின்போது போதகர் அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். எங்கள் சபையில் ஆண்கள் எல்லோரும் போன பிறகுதான் பெண்கள் போவோம். அவர் எழுந்தார், பீடத்துக்குப் போகாமல் பெண்கள் பக்கம் வந்து என் முன்னால் நின்றார்.

“ஏட்டி, எனக்காவப் பேசினது நீ ஒருத்திதான். முன்னால நட.”

நடந்தேன். அன்றைக்கு அப்பத்தை முதலில் வாங்கியவள் நான்.