நான் பெரிதாக்கிய துப்பாக்கிச் சத்தம்

போன் அத்தையின் காதில் இருந்தது, மறுமுனையில் யாருமில்லை. எதிரே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்பதுபோல நின்றவர், "சரிங்க" என்று மட்டும் சொல்லி, போனை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். டைரக்டர் "கட்" என்றார். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வெள்ளக்கடை மலைக்கிராமத்துக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு அத்தையுடையது. ரத்த உறவில்லை. என் அம்மாவோடு காப்பிப் பழம் பறித்தவர், அதனால் அத்தை. அவர் மகனும் நானும் ஒரே வகுப்பில் படித்தோம். அவன் வடக்கே ஒரு பெருநகரத்தில் இட்லிக் கடை வேலைக்குப் போனான்; நான் சென்னைக்குப் போய் சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் பட்டப்பகலில், அந்தக் கடைக்கு முன்னால் இரண்டு கும்பல்கள் சுட்டுக்கொண்டன. உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்தவனின் கழுத்தில் ஒரு குண்டு பாய்ந்தது. அவனுக்கு வைத்த குறிகூட இல்லை அது.

நகரத்துத் துப்பாக்கிக் கும்பல்களைப் பற்றிக் குறும்படம் எடுக்க அலைந்துகொண்டிருந்த டைரக்டரிடம், டீ குடிக்கும்போது இதைச் சொன்னது நான்தான். துக்கம் தாங்காமல் சொன்னதாக வெகுநாள் நம்பியிருந்தேன். உண்மையில், என்னிடமும் ஒரு பெரிய கதை இருக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் சொன்னேன். அந்த அம்மாவையே, அவர் வீட்டிலேயே வைத்து எடுப்போம் என்றார் டைரக்டர். கேட்கப் போனதும் நான்தான். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"படத்துல அவன் மொகம் வருமா கண்ணு? பாத்துப்போட்டு யாராச்சும் அந்தக் கேசை எடுப்பாங்களா?"

"வருமுங்கத்தை" என்றேன். டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே சொன்னேன்.

செய்தி வரும் அந்தக் காட்சியை ஏழு முறை எடுத்தோம். ஏழு முறையும் அதே "சரிங்க", அதே முந்தானை. டைரக்டர் பக்கத்தில் போய், "மகன் செத்துட்டான்னு சொல்றாங்கம்மா. பெத்தவ இப்படியா நிப்பா?" என்றார்.

"அன்னிக்கு இப்பிடித்தானுங்க நின்னேன். அடுப்புல ஒலை கொதிச்சுட்டு இருந்துதுங்க."

டைரக்டர் என்னைத் தனியே அழைத்து, நிஜம் திரையில் எடுபடாது என்றார். பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். ஸ்பீக்கரை விறகு அடுக்குக்குப் பின்னால், அத்தைக்குத் தெரியாமல் நானே வைத்தேன். எட்டாவது முறை அவர் "சரிங்க" என்று சொன்ன நொடியில் துப்பாக்கிச் சத்தத்தை ஓடவிட்டேன்.

அவர் கத்தவில்லை. தரையில் சரிந்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டார். சேலை நனைந்து, சிமெண்டுத் தரையில் ஈரம் மெல்லப் பரவியது. கேமரா நகரவில்லை. "கட்" சொல்ல டைரக்டர் அவசரப்படவும் இல்லை. நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அத்தையின் மூச்சு அதில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. நன்றாகப் பதிவாகிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

படத்துக்குப் பரிசு கிடைத்தது. எல்லோரும் அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே பேசினார்கள். ஒலிக்கும் தனியாக ஒரு பரிசு, மேடையேறி வாங்கிக்கொண்டேன். படம் நீளமாக இருக்கிறதென்று எடிட்டிங்கில் அத்தை மகனின் புகைப்படம் வரும் இடத்தை வெட்டியபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சுடுகிறவனாக நடித்தவனின் முகத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, படத்தைக் காட்டச் சொன்னார் அத்தை. என் போனை வாங்கி, வாசலில் நின்றபடியே முழுவதும் பார்த்தார். தான் விழும் இடத்தில், வேறு யாரோ ஒரு பொம்பளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். புகைப்படம் எங்கே என்று கேட்பார் என நினைத்து, அதற்கு ஒரு பதிலை பஸ்ஸில் வரும்போதே தயார் செய்து வைத்திருந்தேன். அதை அவர் கேட்கவில்லை.

"அவனுக்கும் இத்தாப் பெரிய சத்தமாக் கேட்டிருக்குமா கண்ணு?"

ஆறுதல் சொல்ல ஒரு வழி கிடைத்ததே என்று அவசரமாகப் பிடித்துக்கொண்டேன். "இல்லீங்கத்தை. நெசத்துல டப்புன்னு கேட்டு அடங்கிப்போயிருமுங்க. படத்துக்காக நாந்தான் நாலஞ்சு சத்தத்தைச் சேத்துப் பெருசு பண்ணுனேன்."

அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தார். குரல் உயரவே இல்லை.

"அவனுக்கே சின்னச் சத்தந்தானா. அப்பறம் எனக்கு எதுக்குச் சாமி அத்தாப் பெருசு வெச்ச?"

உள்ளே போய்விட்டார். போன வாரம் இன்னொரு குறும்படத்துக்குத் துப்பாக்கிச் சத்தம் சேர்த்தேன். இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்றார்கள். வைத்துக் கொடுத்தேன்.