தெளிந்திருந்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். அன்று பந்த். பஸ்ஸும் இல்லை, எர்ணாகுளம் போகப் படகும் இல்லை. முந்தின நாள் வேலையாகப் போன கணவர் ஆலுவாவில் மாட்டிக்கொண்டார். பத்து மாத மகளுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. தெருக்கோடி டாக்டர் வீடும் பூட்டியிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன்.

உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுக்கலாம் என்று நர்ஸ் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. அளவு நினைவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பைப் போட்டுக் கலக்கினேன். கரைந்ததும் தண்ணீர் பழையபடி தெளிந்துவிட்டது. போதாதோ என்று பயந்து இன்னொரு கை போட்டேன்.

முதல் ஸ்பூனைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனபோது, அழுகை கேட்டு அடுத்த வீட்டு மேரி சேச்சி வந்தாள். விரலால் தொட்டு நக்கியவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"ஐயோ, கொடுக்கண்டா! இது கடல்வெள்ளமாணு. நீ ருசி பார்த்தில்லே?"

"கடல் தண்ணியா? ருசி பார்க்கலை சேச்சி. தண்ணி தெளிவா இருந்துதே..." அழுதுவிட்டேன்.

அவள் அதைக் கொட்டிவிட்டு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பும் ஆறு ஸ்பூன் சர்க்கரையும் கரைத்தாள். இருவரும் மாற்றி மாற்றிப் புகட்டினோம். மாலையில் குழந்தை ஒன்றுக்குப் போய் என் மடியை நனைத்தபோது, உடம்பில் நீர் தங்கிவிட்டதென்று சேச்சிதான் முதலில் சிரித்தாள்.

மறுநாள் பதறி ஓடிவந்த கணவரிடம், "இவளாணு உப்புவெள்ளம் கொடுத்து குஞ்ஞினெ ரட்சிச்சது" என்றாள்.

நான்தான் குழந்தையைக் காப்பாற்றினேன் என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. என் மகளும் அந்தக் கதையை இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். சேச்சி கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.