வாஷர் மாற்றாத வண்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். செவிலிமேட்டில், பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற வழியில் பட்டறை வைத்திருக்கிறேன், பெரிய பெரிய வெளிநாட்டு எஸ்.யு.வி. வண்டிகளைத்தான் பார்ப்பேன். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவர்களிடம், ஐயா, பழம் நசுங்கினால் பிரேக் பிடிக்காது, பேட் மாற்றினால்தான் பிடிக்கும் என்று வாய் சும்மா இருக்காமல் சொல்லி நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே என் மனைவி இழுத்துக்கொண்டு போனால்தான் உண்டு. நீங்கள் இப்போதே உதட்டைச் சுழிப்பது தெரிகிறது, பரவாயில்லை, முழுசாகக் கேட்டுவிட்டுச் சுழியுங்கள்.

அந்த வண்டி திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு சமணக் குடும்பத்துடையது. பையன் பெயர் ஸ்ரீபால், சென்னையில் வேலை. அவனுடைய அப்பா வேர்க்கடலை வியாபாரம் செய்தவர், ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு வண்டி. அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடு கிடையாது, தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதனால் அவர் எங்கே போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுவார். வாசலில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டதும் அந்த அம்மா தட்டு வைப்பார்கள், இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவார்கள். கல்யாணமான நாளிலிருந்து எந்த வண்டி வைத்திருந்தாலும் இதுதான் வழக்கம்.

ஒருநாள் மண்டியிலேயே மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா சாயங்காலச் சாப்பாட்டைத் தொடவில்லை. விரதம் எல்லாம் இல்லை. சமைத்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்காருவார்கள், பொழுது போய்விடும், எடுத்து மூடிவிடுவார்கள். அவர்களுக்கோ சர்க்கரை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும், இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டார்கள். இப்படியே போனால் ஒருநாள் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள் என்று டாக்டர் பையனிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

பையன் லீவு போட்டு வந்து, போர்டிகோவில் மாதக்கணக்கில் நின்றிருந்த வண்டியை எடுத்து, பொழுது சாயும் முன்னால் வாசலில் கொண்டுவந்து திருப்பியிருக்கிறான். அம்மா கதவு வரைக்கும் வந்தார்களாம். வண்டி திரும்பும்போது அடியில் கரகரவென்று ஒரு முனகல், ஒரு குதி. அம்மா அப்படியே நின்று கேட்டுவிட்டு, "இது அவரு வண்டி சத்தம் இல்லப்பா" என்று உள்ளே போய்விட்டார்களாம். இதைச் சொல்லும்போது அந்தப் பையன் என் பட்டறையில் நின்று அழுதான்.

சத்தத்துக்குக் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இந்த மாதிரி வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும். இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு போட்டுக் கொடுக்க கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஒரு பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்போம். அதில் இருக்கிற ஆயில் ஆயுசுக்கும் போதும் என்று விற்கும்போது சொல்லிவிடுவார்கள், நம் ஜனமும் மறந்துவிடும். போதாததற்குப் பெரியவர் கடைசிக் காலத்தில் சிக்கனம் பார்த்து, பஞ்சரான ஒரு டயரை மட்டும் புதுசாகப் போட்டிருக்கிறார். மூன்று தேய்ந்த டயர், ஒன்று புதுசு. ஒவ்வொரு சக்கரமும் ஒவ்வொரு கணக்கில் சுற்றினால் அந்தப் பெட்டி ஓய்வே இல்லாமல் முட்டி மோதிக்கொண்டிருக்கும். நம் ஊரில் வருகிற பாதி வண்டியில் இதே தப்புத்தான். பெட்டியையே மாற்ற வேண்டும் என்று வேறு இடத்தில் சொன்னார்களாம், அதுவும் தப்பில்லை, பிழைத்தால் பிழைக்கும் என்ற நிலைமைதான். முதலில் ஆயிலை மாற்றிப் பார்ப்போம் என்றேன். அவனுக்கு அன்றைக்குச் சென்னையில் தட்ட முடியாத வேலை. "அண்ணா, பொழுது சாயறதுக்குள்ள நீங்களே ஓட்டிக்கினு போய் வீட்ல விட்டுடுங்க, அம்மா தனியாதான் இருப்பாங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். நானும் சரி என்றேன்.

நாலு டயரும் ஒரே மாதிரி புதுசு போட்டேன். பெட்டியில் ஆயில் ஊற்றுகிற மேல் நட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆயில் இறக்குகிற கீழ் நட்டைத் தொடுவேன், இல்லையென்றால் ஆயிலை இறக்கிவிட்டு மறுபடி ஊற்ற வழியில்லாமல் விழிக்க வேண்டியதுதான். வந்த ஆயில் தார் மாதிரி, தீய்ந்த வாடை. புது ஆயில் மேல் ஓட்டை வழிகிற வரைக்கும் ஊற்றி, அவர்கள் ஊர் வழியாகவே ஒரு ட்ரயல் போய்விட்டு வந்தேன். ஒடித்துத் திருப்பினாலும் முனகல் இல்லை, குதி இல்லை. சந்தோஷத்தில் விசிலடித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தால் கீழ் நட்டில் ஆயில் சொட்டுகிறது. அந்த நட்டுக்கு ஒரு சின்ன வாஷர், ஒரு தடவைக்கு மேல் உதவாது. புதுசு வந்து சேராததால் பழையதையே போட்டிருந்தேன். சொட்டுகிற வண்டியைக் கொடுத்துப் பெட்டி காய்ந்துவிட்டால் பழைய கதைதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று சாயங்காலம் வரைக்கும் இழுத்துவிட்டான். அந்த அம்மா இன்றைக்கும் பட்டினி என்று எனக்கு மனசே சரியில்லை. சொட்டுக்குக் கீழே ஒரு தட்டை வைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்றேன். பாலாற்றுப் பக்கம் சூரியன் சிவந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே டயர் காற்றில் சுற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். லிஃப்ட்டில் ஆளுயரத்துக்கு மேலே நிற்கிற வண்டியில் நாலு சக்கரமும் சுற்றுகின்றன. இன்ஜின் அணைந்திருக்கிறது, கியர் பார்க்கில் இருக்கிறது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறது, சாவி என் நெஞ்சில் குத்துகிறது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், நாலும் ஒரே சீராக, ரோட்டில் ஓடுகிற வேகத்தில் சுற்றின. எனக்கு ஓடவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் வேகம் குறைந்து, முன் சக்கரம் இரண்டும் இடது பக்கம் திரும்பின. பிறகு நேராகி ஓடின. பிறகு வலது பக்கம். மத்தியானம் நான் ட்ரயல் போன வழி அது, அதே திருப்பம், அதே வேகத்தடை. கடைசியில் மெதுவாக, ரொம்ப மெதுவாக இடது பக்கம் முழுசாகத் திரும்பி, நேராகி, நின்றுவிட்டன. பட்டறையில் எங்கேயும் ஒரு முனகல் இல்லை. வெளியே வெளிச்சம் அணைந்துவிட்டது.

சுவரோடு சுவராக நின்றிருந்தபோது போன் அடித்தது. ஸ்ரீபால். "அண்ணா, அம்மா சாப்பிட்டுட்டாங்களாம். வண்டி வந்துச்சு, சாப்பிட்டேன்னு இப்பதான் போன் பண்ணாங்க. உங்க கால்ல விழணும்ணா" என்றான். நான் தலைக்கு மேலே நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டே, சரிப்பா, சரிப்பா என்று மட்டும் சொன்னேன். வேறு என்ன சொல்வது, வண்டி இங்கே இருக்கிறது என்று சொல்லி அந்த ஒரு வாய்ச் சோற்றைக் கெடுப்பதா?

மறுநாள் காலையில் வாஷர் வந்தது. வேலையை ஆரம்பிக்கக் குனிந்தவன் அப்படியே நின்றேன். இரவெல்லாம் சொட்டியிருக்க வேண்டும், தட்டில் ஒரு துளி இல்லை. உள்ளே ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பி, புது வாஷர் போட்டு இறுக்கி, ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

அந்த அம்மா முகம் தெளிந்திருந்தது. "நேத்து வந்ததும் ஏம்பா மறுபடி எடுத்துக்கினு போயிட்ட? ஆனா சத்தம் சுத்தமா நின்னுபோச்சு தம்பி, அவரு திருப்பற மாதிரியே இருந்துச்சு" என்றார்கள். வண்டியின் முனகல் நின்றதே முந்தின நாள் மத்தியானம்தான், அது எனக்கு மட்டும்தான் தெரியும். போர்டிகோ சிமெண்டில், வண்டி நிற்கிற இடத்தில், வரிசையாக ஆயில் துளிகள். விரலில் தொட்டுப் பார்த்தேன். புது ஆயில், நான் ஊற்றினது.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்த அம்மா பட்டினி இல்லை, உடம்பு தேறிவிட்டது. ஸ்ரீபால் இப்போது வண்டியைச் சென்னையிலேயே வைத்திருக்கிறான், அம்மா இங்கே ஊரில்தான். ஆயில் மாற்ற மட்டும் என்னிடம் வருவான். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்ப்பேன், பொட்டு ஈரம் இருக்காது. அம்மா எப்படிப்பா சாப்பிடுகிறார்கள் என்று அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன வாரம் அந்த அம்மாவே போன் செய்தார்கள். நல்லா இருக்கியாப்பா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா என்று விசாரித்துவிட்டு, ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்கள்: "தினம் சாயங்காலம் வண்டி வந்து நிக்கிற எடத்துல ஆயில் சொட்டிக்கினே இருக்குதுபா, தரை வீணாவுது. நானும் ஒரு பழைய தட்டு வெச்சிருக்கேன். உனக்கு நேரம் கெடைக்கும்போது வந்து அந்த வாஷர மாத்திக் குடுத்துட்டுப் போ."

வாஷர் என்கிற வார்த்தையை நான் அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வருகிறேன் அம்மா என்று சொல்லிவிட்டேன். புது வாஷர் ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள். இன்னும் போகவில்லை.