மூன்றாவது மூசை

டேனியலுக்கு எதையும் கடையில் வாங்கப் பிடிக்காது. மாதனூரில் அவன் வீட்டுக் கேட்டின் தாழ்ப்பாள், கோழிக்கூண்டின் கீல், மனைவி கிறிஸ்டினாவின் தோசைத் திருப்பி எல்லாமே அவன் செய்தவை. அதனால் கேட் மூடாது, கோழி தங்காது, தோசை பிய்யும். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் அங்கேயே குவாலிட்டி செக்கிங். பதினேழு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் வருகிறோம். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

கிறிஸ்டினா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகம் தைப்பவள். மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்த பழைய ஜெர்மன் மெஷின் அவளுடையது. அதில் தைத்தே இரண்டு பெண்களையும் நர்சிங் படிக்க வைத்தாள். அந்த மெஷினுக்கு ஈஸ்டர் சமயத்தில் டேனியல் எண்ணெய் போட்டான். எண்ணெய் போடுவதற்கு மெஷினை ஏன் தூக்க வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். தூக்கினான், கீழே போட்டான். பக்கவாட்டில் கையால் சுற்றும் சக்கரம் மூன்று துண்டானது.

வேலூர் டீலர் கைவிரித்துவிட்டார். அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவதில்லையாம், புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவன், "சக்கரத்த நானே ஊத்திக்கிறேன்" என்றான். உடைந்த துண்டுகளைக் கம்பெனி சொல்யூஷன் போட்டு ஒட்டினான், அதுதான் அச்சு. அதைப் பதிக்கப் பாலாற்று மணலைச் சலித்துக் களிமண் கலந்தான். பெயிண்ட் டிரம்மின் உள்ளே களிமண் பூசி அடுப்பாக்கி, மகளின் ஹேர் டிரையரைத் துருத்தியாக மாட்டினான். பாக்கி இருந்தது உலோகத்தைப் போட்டு உருக்கும் பாத்திரம். அதற்குப் பெயர் மூசை.

முதல் மூசையை வேலூர் பஜாரில், நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கினான். "எவ்ளோ சார் உருக்கணும்?" என்று கடைக்காரர் கேட்க, இவன் "ஒன்ற கிலோ" என்றிருக்கிறான். அவர் எழுந்து நின்று, காபி வாங்கிவர ஆள் அனுப்பினார். அது அலுமினியம் என்று இவன் சொன்ன பிறகு காபி வரவில்லை. வெட்கத்தில் எதையாவது வாங்க வேண்டுமே என்று ஒரு எலுமிச்சம்பழம் கொள்ளும் அளவில் ஒன்றை வாங்கி வந்தான். கிறிஸ்டினா அதில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இரண்டாவது ஆன்லைனில் வந்தது. நல்ல பெரிய மூசைதான். பழைய குக்கரைத் துண்டு துண்டாக வெட்டி அதில் அடைஅடையென்று அடைத்தான். சூடேறினால் உலோகம் விரியும் என்று ஒரு ஃபிட்டருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஞாபகம் இல்லை. மூசை பிளந்து, குக்கர் முழுவதும் கரிக்குள் இறங்கி முருங்கை மரத்தடிக்கு ஓடியது. இந்த வருஷம் அந்த மரம் காய்க்கவில்லை.

அன்றுதான் கிறிஸ்டினா தீர்த்துச் சொன்னாள். "இன்னொண்ணு வாங்கிக்கோங்க. அதுவும் ஒடஞ்சிச்சுனா அடுப்பு, மணலு, மெஷினு எல்லாத்தையும் எடைக்குப் போட்ருவேன். சொல்லிட்டேன்." மெஷினை எடைக்குப் போடுவேன் என்று சொன்னபோது அவள் அதைப் பார்க்காமல் கோழிக்கூண்டைப் பார்த்தாள் என்று டேனியல் பஸ்ஸில் என்னிடம் சொன்னான்.

மூன்றாவதை வாங்க ராணிப்பேட்டைக்கு நானும் போனேன். வார்ப்படப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடை. டேனியல் பதினான்கு மூசைகளைக் காதோரம் பிடித்து விரலால் தட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். பதினைந்தாவது கணீரென்றது. கடைக்காரர் கொடுக்கும்போதே எச்சரித்தார்: "தண்ணி மட்டும் கிட்டயே காட்டாதீங்க சார். ஈரம் இருந்து அப்டியே நெருப்புல வெச்சீங்கன்னா வெடிச்சி மூஞ்சியில அடிக்கும். மொதல்ல லேசா சூடு காட்டி, நிதானமா ஏத்தணும்."

இதை டேனியல் பஸ்ஸில் என்னிடம் நான்கு முறை சொன்னான். சொல்ல வேண்டியவளிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. வீட்டில் மூசை என்று வாயெடுக்கவே பயம். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டான். அந்த வாரம் ஷிப்மெண்ட். ஞாயிற்றுக்கிழமைகூட ஓவர்டைம்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவனோடு நானும் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கிறிஸ்டினா சிரித்தபடி நின்றிருந்தாள். ஈஸ்டருக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"வாங்கண்ணா, நீங்களும் வந்து பாருங்க. இவரு சொல்லல, நானே பாத்துப் பண்ணிட்டேன்."

கொல்லையில் ஒரு பெரிய அலுமினியக் குண்டான். அது நிறைய வெள்ளையாகத் தண்ணீர். அதற்குள் மூசை.

"புதுச் சட்டியப் பழக்காம அடுப்புல ஏத்துனா ஒடையாம இன்னா பண்ணும்? போன தடவ அதனால தான் ஒடஞ்சிச்சி. நாலு நாளா அரிசி கழுவன தண்ணியில போட்டு, வேளைக்கு வேளை மாத்தி வெச்சிருக்கேன். நாளைக்கு நல்லெண்ண தடவி வெயில்ல வெச்சா வேல முடிஞ்சிச்சி."

மீன் குழம்புச் சட்டிக்கு ஊரில் எல்லாரும் செய்வதுதான். ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தாள். நான் வாயைத் திறந்தேன். டேனியல் என் காலை மிதித்தான். மிதித்தது சேஃப்டி ஷூ போட்ட கால்.

"நல்ல வேல பண்ண, கிறிஸ்டி" என்றான் அவன். "எண்ணெய மட்டும் நான் தடவிக்கிறேன்."

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, சொல்லித் தொலைக்க வேண்டியது தானே?"

"வேளைக்கு ஒரு தண்ணின்னு நாலு நாளா மாத்திருக்காடா" என்றான். "எடைக்குப் போட்ருவேன்னு சொன்னவ."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேலா, குண்டான் மேலா என்று தெரியவில்லை.

மறுநாள் மூசை ஒயர் கூடையில் எங்களோடு கம்பெனி பஸ் ஏறியது. வீட்டில் சொன்னது, எண்ணெய் தடவிக் கம்பெனி வெயிலில் வைப்பதாக. போனது கம்பெனிக்கு எதிரே இருக்கும் அமீர் பாஷாவின் பிரியாணிக் கடைக்கு. டேனியல் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னான்.

"நெருப்ப எடுத்தவொடனே இது மேல காட்டக்கூடாது, கம்மியா காட்டணும், ரொம்ப நேரம் காட்டணும். அவ்ளோதான் பாய்."

"அது தம்முதானே!" என்றார் அமீர் பாஷா. "எங்க அடுப்பு தணிய சாயந்தரம் ஆகும். வெச்சிட்டுப் போ. பேஜாரு பண்ணாத."

அவருக்குப் பிரியாணியும் மூசையும் ஒன்றுதான். முதல் நாள் தணலிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார். அன்று முழுக்க மூசையிலிருந்து ஆவி கிளம்பி, சோறு வெந்த வாசனை அடித்ததாம். பார்சல் வாங்க வந்த ஒருவர், அதில் என்ன ஸ்பெஷல் என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் அரை முழம். மூன்றாம் நாள் தணலோரம். நான்காம் நாள் தணலுக்கு நடுவில் வைத்து மேலேயும் தணலை வாரிப் போட்டார். ஐந்தாம் நாள் ஆவியும் இல்லை, வாசனையும் இல்லை. டேனியல் தட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்டது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் அடுப்பில் வைத்தபிறகுதான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அடுப்பு மூட்டினான். கிறிஸ்டினா முக்காலியை எடுத்துவந்து அடுப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பழக்கிய சட்டிக்கு என்ன பயம்? டேனியலுக்கு வியர்த்தது. உப்பு வேண்டும் என்று அவளை உள்ளே அனுப்பினான். வந்தாள். தீப்பெட்டி வேண்டும் என்றான், எரிகிற அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு. கடைசியில் தனகோடி வீட்டில் இடுக்கி இருக்கிறது என்று சொல்லி அடுத்த தெருவுக்கு அனுப்பினான். தனகோடி நான்தான். என் வீட்டில் இடுக்கி கிடையாது. நான் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவன் மட்டும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மூசையின் பக்கத்திலேயே இருந்தான்.

மூசை சிவந்தது. பிளக்கவில்லை, வெடிக்கவில்லை. இந்த முறை அலுமினியத் துண்டுகளை நெருக்காமல் ஒவ்வொன்றாகப் போட்டான். கிறிஸ்டினா வெறுங்கையோடு திரும்பி வந்தபோது உருக்கி ஊற்றியாகிவிட்டது. மணலை உடைத்து எடுத்ததும் நான் சக்கரத்தைப் பார்த்தேன். அம்மை வார்த்த மாதிரி மேலெல்லாம் பொத்தல், ஒரு ஓரம் தடிப்பு. என் டேபிளுக்கு வந்திருந்தால் ரிஜெக்ட்தான்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி லேத்தில் நடு ஓட்டை போட்டு மெஷினில் மாட்டினான். கிறிஸ்டினா உட்கார்ந்து ஒரு தோல் துண்டை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். அது கொஞ்சம் ஆடியது. தையல் ஆடவில்லை. முழு வரியும் தைத்து, துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"பாத்தீங்களா? பழக்குனதால தான் மூச நின்னுச்சி. ஆம்பளைங்க ரெண்டு பேரும் அவ்ளோ படிச்சிருக்கீங்க, இது தெரிய வேணாமா?"

"எங்களுக்கு எங்க தெரியும்" என்றான் டேனியல். கால் மில்லிமீட்டருக்காக மேனேஜரிடம் அரை நாள் சண்டை போடுகிறவன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் தைத்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிறிஸ்டினா என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணா."

"அரிசித் தண்ணி தாம்மா" என்றேன்.