சொன்னாக என்று சொன்னது நான்தான்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நான் அசைவம் தொட மாட்டேன். பூ வைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கோயிலுக்குப் போய்விடுவேன். நாற்பது நாளும் வெள்ளைச் சேலைதான். அதற்கென்றே ஏழு சேலை கஞ்சி போட்டுத் தனியாக வைத்திருந்தேன். எங்கள் சபையில் பதினோரு வருஷம் பெண்கள் ஐக்கியத் தலைவியாக இருந்தவள் நான். லெந்தில் எவளாவது மல்லிகைப்பூ வைத்து வந்துவிட்டால், ஆராதனை முடிந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொள்வேன். "என்னத்தா, ஆண்டவர் சிலுவையில தொங்குறாரு, ஒனக்குப் பூ கேக்குதாக்கும்?" என்பேன். அந்தப் பெண் முகம் சுண்டிப்போய், பூவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ளும். அன்றைக்கு எனக்கு உபவாசம் இருந்த பசியே தெரியாது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இத்தனையும் செய்துகொண்டே, ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு நாலு வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை. மலையிலிருந்து மூட்டையில் வருகிற காயைக் கீழே கொட்டி, வெடித்தது, வெளுத்தது, சிறுத்தது என்று பிரித்தெடுக்க ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். அவர்களில் ஒருத்திக்குக் கை வேகம். மற்றவர்கள் ஒரு தட்டு பொறுக்குவதற்குள் அவள் இரண்டு தட்டை முடித்திருப்பாள். நாற்பது வயதிருக்கும், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். ஒரு நாள் நான் கல்லாவில் உட்கார்ந்து ஞானப்பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்த ஃபேனயும் போட்டு விட்டீகன்னா இன்னும் புண்ணியமாப் போகும்" என்றாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்று தைத்தது. அவளை அதற்காக நான் மன்னிக்கவே இல்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் வாங்கிய ஒரு மூட்டையைப் பிறகு எடை போட்டால் இரண்டு கிலோ குறைந்தது. பக்கத்துக் கடைக்காரர் மனைவி அப்போது வாசலில் நின்றிருந்தாள். நான் அவளிடம், "நம்ம கடையில காய் குறையுது. அந்தக் கைவேகக்காரிதான் மடியில வச்சுக் கொண்டு போறான்னு சொன்னாக" என்றேன்.

யாரும் சொல்லவில்லை. சத்தியமாக ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் 'சொன்னார்கள்' என்பதைச் சொன்னாக என்போம். ஒருவரை மரியாதையாகச் சொன்னாலும் சொன்னாக, ஊரே சேர்ந்து சொன்னாலும் சொன்னாக. யார் என்று எதிராளி கேட்பதில்லை. பெரிய மனுஷர் யாரோ சொல்லியிருப்பார் என்று விட்டுவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் புகுந்துகொண்டால் யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. அது தெரிந்துதான் நான் புகுந்தேன்.

ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பேச்சாகிவிட்டது. நான் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குத் தேவையே வரவில்லை. மற்றப் பெண்கள் அவள் மடியைப் பார்க்கிற பார்வையில் அவளே நின்றுவிட்டாள். அடுத்த கடைக்குப் போனாள், மூன்றாம் நாள் வேலை இல்லை என்றார்கள். அதற்கடுத்த கடையில் உள்ளேயே விடவில்லை. கடைசியில் என்னிடம் வந்து வாசலில் நின்றாள்.

"யாரு சொன்னாகன்னு மட்டும் சொல்லுங்கக்கா. நான் போயி அவுககிட்டக் கேட்டுக்கிறேன்."

"நாலு பேரு சொல்றாக. நான் யாரன்னு சொல்ல?" என்றேன்.

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள். மேகமலையில் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போய்விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

பதினைந்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் குடோனில் யாரும் தொடாமல் கிடந்த மூட்டைகளை எடை போட்டார். எல்லாமே குறைந்தது. "நம்ம வாங்குனதே ஈரக்காய். காயக் காய எடை எறங்கிருச்சு. பாவம், அந்தப் பொம்பள எடுக்கல" என்றார். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஏலக்காய் வியாபாரம் பார்க்கிற வீட்டில் இது தெரியாமல் போகுமா? எனக்கு முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவிடவில்லை. அன்றைக்காவது தெருவில் இறங்கிச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன்? ஜெபத்தைக் கூட்டினேன். வெள்ளிக்கிழமை உபவாசத்தோடு புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன். ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்லும்போது என் குரல்தான் முதலில் எழும்பும். நாங்கள் பாவம் செய்தோம், நாங்கள் வழி தப்பினோம் என்று சபை முழுவதும் என் பின்னால் வரும். அந்த 'நாங்கள்' எவ்வளவு வசதி தெரியுமா! முந்நூறு பேரோடு சேர்ந்து நிற்கிறேன், என் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது முழங்கால் வலிக்கும், மனசு லேசாக இருக்கும். அந்த லேசைத்தான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷ லெந்தில் எங்கள் சபைக்குப் புதிதாக வந்த போதகர், எங்கள் வழக்கில் ஐயர், ஒரு ஏற்பாடு செய்தார். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. அவரவர் பாவத்தை எழுதி மடித்துக் கொண்டுவந்து, முன்னால் வைத்திருக்கும் மண்சட்டியில் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடுவார். எனக்கு ஒரே குஷி. சட்டி வாங்கியது நான், தீப்பெட்டி நான், சீட்டு வெட்டியதும் நான்தான்.

சீட்டு கைக்கு வந்ததும் மளமளவென்று எழுதினேன். கோபம், பொறாமை, ஜெபக்குறைவு. எழுதிவிட்டுப் பக்கத்தில் இருந்தவள் சீட்டை எட்டிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான், என் கண் கேட்காது. அவளும் கோபம், பொறாமை, ஜெபக்குறைவு. அதற்கு அடுத்தவளும் ஜெபக்குறைவு. வரிசை முழுக்க மளிகைச் சீட்டு மாதிரி ஒரே சரக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே வெட்கமாகவும் போய்விட்டது. சரி, நாமாவது உண்மையாக எழுதுவோம் என்று சீட்டைத் திருப்பினேன். 'ஒரு பெண் ஏலக்காய் எடுத்ததாகச் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்' என்று எழுதினேன்.

எழுதிய கையோடு படித்துப் பார்த்தேன். சொன்னார்கள். அடிப்பாவி, ஆண்டவரிடமுமா?

அவருக்குத் தெரியாதா யார் சொன்னது என்று? எரிக்கப்போகிற சீட்டில், ஒரு மனுஷரும் படிக்கப்போகாத சீட்டில்கூட, என் கை அந்தப் பொய்யைத்தான் எழுதியது. உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதை அடித்துவிட்டு, 'அவள் திருடவில்லை. நான் பொய் சொன்னேன்' என்று எழுதினேன். இரண்டே வாக்கியம்.

என் முறை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை. சீட்டைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன், திருவிருந்தும் எடுக்கவில்லை. முன்வரிசையில் தலைவி உட்கார்ந்தே இருந்தால் சபை சும்மா இருக்குமா? சர்க்கரை ஏறிவிட்டதா என்று வெளியே வந்ததும் நாலு பேர் கேட்டார்கள். ஐயர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். "அறிக்கை செய்துவிட்டீர்கள் அம்மா. சீட்டை எரித்துவிடுங்கள். ஆண்டவர் மன்னித்துவிட்டார்" என்றார்.

"அவர் மன்னிச்சிருப்பாரு ஐயா. அவ இன்னும் கொழுந்து பறிச்சுக்கிட்டுல்ல இருக்கா?" என்றேன். அவர் நல்ல மனிதர். கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். மார்க்கையன்கோட்டை வழியாகச் சின்னமனூர், அங்கிருந்து மலை பஸ். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் விசாரித்தபோது, கொழுந்து எடை போடுகிற இடத்தில் நிற்கிறாள் என்றார்கள். நான் போனபோது சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், வரிசையை விட்டு நகரவில்லை. அவள் முறை முடியும்வரை நான் ஓரமாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் ஒருத்திக்காகக் காத்து நின்றது அன்றுதான்.

வந்ததும், "ஆண்டவர் என்கூடப் பேசுனாரு ஆத்தா" என்று ஆரம்பித்தேன்.

"என்ன பேசுனாக?" என்றாள். குரலில் ஒரு சூடும் இல்லை.

அதோடு என் பிரசங்கம் நின்றுவிட்டது. "நீ எடுக்கல. நீ எடுத்தன்னு யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன். காய் ஈரம். பதினஞ்சு நாள்லயே எனக்குத் தெரியும்" என்றேன். அழுதேன். நன்றாகவே அழுதேன்.

அவள் அழவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. வாசல்ல வச்சு ஒங்க மூஞ்சியப் பாத்தேன்ல. இப்ப எதுக்கு வந்தீக? ஒங்க சாமி மன்னிச்சாச்சுல்ல?"

"ஒன்கிட்டக் கேக்காம அவர்கிட்ட எப்பிடி வாங்குறது?"

"என்கிட்டச் சொல்லி என்னக்கா செய்ய? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?" இப்போதுதான் அவள் குரல் ஏறியது. "எங்கன சொன்னீகளோ அங்கன போயிச் சொல்லுங்க. நான் கீழ வரல. எம்பேரு வரணும்."

வாங்க, வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்க என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. என் போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அடுத்த இரண்டு நாளும் தெருவில் கடை கடையாக ஏறினேன். முதல் கடையில் வாயைத் திறந்தால், "அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டாக..." என்று வருகிறது! நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுபடி முதலிலிருந்து, "அந்தப் பொம்பள காய் எடுக்கல. பொய் சொன்னது நான்" என்றேன். ஒருவர் பழைய கதையை விடுங்கக்கா என்று சிரித்தார். அவளுக்கு அது பழசு இல்லை என்றேன். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மூன்றாம் நாளே அவளை நிறுத்திய கடைக்காரர் மட்டும் எழுந்து நின்றுவிட்டார். "என்னக்கா இப்பிடிப் பண்ணிட்டீக? ஒங்க பேச்சக் கேட்டு நாங்களும்ல அவ சோத்துல மண்ணப் போட்டோம்" என்றார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

வீட்டில் என் வீட்டுக்காரர் குதித்தார். கடை மானம் போகிறதாம். "மானம் போயி நாலு வருசமாச்சு. இப்பத்தான் திரும்பி வருது" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரம் பெண்கள் ஐக்கியத்தில் சாட்சி நேரம் வந்தது. வீடு கட்டியது, மகனுக்கு வேலை கிடைத்தது, கல்லடைப்பு நீங்கியது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நானும் எழுந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். செயலாளர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாட்சின்னா ஆண்டவர் செஞ்ச நன்மையச் சொல்லணும்க்கா. இதெல்லாம் வீட்டோட வச்சுக்கிறணும்" என்றார்.

"எனக்கு அவர் செஞ்ச பெரிய நன்மை இதுதான்" என்றேன். தலைவி பதவியை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் தருவதற்கு முன் அவர்களே கேட்டுவிடுவார்களோ என்றுதான் கொஞ்சம் அவசரப்பட்டேன்.

மனந்திரும்புதல் என்ற சொல்லை நான் ஆயிரம் தடவை ஜெபத்தில் சொல்லியிருப்பேன். மனசு மட்டும் திரும்பினால் போதும் என்றிருந்தேன். கால் திரும்ப வேண்டும், நாக்கு திரும்ப வேண்டும், ஏறி வந்த படியெல்லாம் திரும்ப இறங்க வேண்டும். இதை யாரோடும் வாதாட நான் தயார். லெந்தும் உபவாசமும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வருஷமும் இருக்கத்தான் செய்தேன். ஆனால் பசி இப்போது எனக்குப் பசியாகத் தெரிகிறது. பாவ அறிக்கையில் எல்லோரும் 'நாங்கள்' என்கிறபோது நான் வாய்க்குள் 'நான்' என்கிறேன். இலக்கணம் இடறுகிறது, பரவாயில்லை.

போன வருஷ ஈஸ்டர் கழிந்து ஒரு மாதம் இருக்கும். மத்தியானம் கடையில் இருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அவள்.

"ஒங்க தெருவுல இருந்து மூணு கடைக்காரக ஆள் விட்டுக் கூப்பிட்டாக. வேலைக்கு வரச் சொல்றாக" என்றாள்.

"வாரியா ஆத்தா?"

"வரலன்னுட்டேன். எனக்கு இங்கன பழகிப்போச்சு." குரலைத் தணித்தாள். "ஆனா கூப்பிட்டாகல்ல."

அந்த ஒரு சொல்லில் அவள் சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"ஒங்கள மன்னிக்கிறதப் பத்தி நான் இன்னும் ஒண்ணும் நெனைக்கலக்கா. அவசரப்படாதீக."

"சரித்தா" என்றேன்.

ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் அவசரப்படவில்லை.