நொண்டிக் காட்டணுமா?

இரண்டாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியபோது லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்தாறு வயது. உதவித்தொகைக்கு மனு கொடுக்க அலுவலகத்தின் பின்வாசல் வழியாகப் போனார். தெரிந்த முகம் எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்ட பிறகே வரிசையில் நின்றார். அப்போதெல்லாம் உதவித்தொகை வாங்குவது திருடி மாட்டிக்கொண்ட மாதிரி.

தங்கை மாப்பிள்ளை பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நாலு பேர் நடுவில்தான் கேட்பான்: "என்ன மச்சான், உக்காந்த எடத்துலயே சோறு வருதாமே? குடுத்து வச்ச ஆளு!"

ஒரு நாள் விசாரணை அதிகாரி வந்தார். மெக்கானிக் நன்றாக நடக்கிறார், ஊன்றுகோல் வெறும் வேஷம் என்று மொட்டைக் கடிதம் போயிருந்தது. மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னார். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்திருந்தன. மூன்றாவது தடவை, பாதிப் படியில், வலி தாங்காமல் கால்சட்டையிலேயே சிறுநீர் போய்விட்டது. அதிகாரி அதையும் குறித்துக்கொண்டார். வீட்டுக்குள் அதிகாரி மேசைமேல் போட்டிருந்த அந்தக் கடிதத்தை மெக்கானிக் பார்த்தார். பெயரில்லாவிட்டாலும் எழுத்து மாப்பிள்ளையுடையது. தங்கைக்காக வாயை மூடிக்கொண்டார்.

ஆறு வருஷம் கழித்துப் பிஸ்கட் தொழிற்சாலையை மூடினார்கள்; தெருவில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. ஒரே வாரத்தில் தெருவின் நாக்கு புரண்டது. உதவித்தொகை கேட்டுக் கூடிய கூட்டத்தில் மாப்பிள்ளைதான் மைக் பிடித்தான்: "நாம யாருகிட்டயும் பிச்சை கேக்கல. நம்ம உரிமையக் கேக்கறோம்!"

மெக்கானிக் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டார். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் படிவத்தோடு வந்துவிட்டான். "நீங்கதான் மச்சான் இதுல அனுபவசாலி." குரலைத் தாழ்த்தினான். "முதுகுவலின்னு சேத்துப் போட்டா கூடக் கிடைக்குமாமே? சோதனைக்கு வந்தா நொண்டிக் காட்டணுமா?" எழுந்து நாலடி நொண்டினான். அச்சு அசல் மெக்கானிக்கின் நடை.

"உக்காரு மாப்ள. உனக்கு வேலை போச்சு, அதுக்குக் குடுப்பாங்க. அத எழுதித் தரேன். என் காலை விட்டுடு."

"சும்மா வெளையாட்டுக்கு மச்சான்..."

"அன்னிக்கு எழுதின லெட்டரும் வெளையாட்டா?"

மாப்பிள்ளை படிவத்தையே பார்த்தான். "அப்ப எல்லாரும் அப்படித்தானே நெனச்சோம்" என்றான், நேற்று மழை பெய்ததைச் சொல்வதுபோல.

மெக்கானிக் ஒரு எழுத்துப் பிசகாமல் நிரப்பிக் கொடுத்தார். அவன் போனதும் அவன் உட்கார்ந்த நாற்காலியை வாசலில் தூக்கி வைத்தார்.

பதினெட்டே நாளில் அவனுக்குப் பணம் வந்தது. விசாரிக்க ஒரு ஆளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல்லித் தங்கை போன் செய்தாள்.

"நீ இங்க வாம்மா. அவன் வேண்டாம்."

அவள் வரவில்லை.